முதல் ஹார்னுக்குப் பக்கத்து நாற்காலி

ஆர்வில் டெஸ்மர் எங்கள் இசைப்பதிவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் பிரெஞ்சு ஹார்ன் வாசித்தார். அவர் ஊதியதை எத்தனையோ நாட்டு மக்கள் தியேட்டர்களில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இதுதான் ஆர்வில் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. அவர் பார்த்த வேலை அப்படிப்பட்டது.

பிரெஞ்சு ஹார்ன் உதட்டைத் தின்கிற வாத்தியம். இசைத்தாளில் நாலு பக்கம் பலமாக ஊதினால் உதடு மரத்துவிடும். ஐந்தாம் பக்கத்தில் மெல்லிய தனி வாசிப்பு வந்தால் சுரம் பிசிறும். அதனால் முதல் ஹார்ன் வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஓர் உதவி ஹார்னைப் போடுவார்கள். ஆர்வில் அந்த உதவி. சத்தமான இடங்களை உதவி ஊத வேண்டும். அந்த நேரம் முதல் ஹார்ன்காரர் வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு உதட்டை ஆறவைப்பார். தனி வாசிப்பு வரும் இடத்துக்கு ஒரு தாளக்கட்டு முன்னால் உதவி நிறுத்திக்கொள்வார், முதல் ஹார்ன் எடுத்துக்கொள்வார். படத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தத் தனி வாசிப்பைத்தான். அதற்காக உதட்டைக் கொடுத்தவரை யாருக்கும் தெரியாது.

நான் அங்கே இசைத்தாள்களைப் பார்த்துக்கொண்டவன். காலையில் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் தாளை வைப்பேன், மாலையில் எண்ணி எடுப்பேன். ஹார்ன் வரிசைக்குப் பக்கத்துச் சுவரோரம் என் மேசை. ஆர்வில் என்னைவிட இரண்டு வயது பெரியவர். நெப்ராஸ்காவில் ஒரு கோதுமை ஊரிலிருந்து ராணுவ பேண்டுக்குப் போய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவர். வான் நைஸில் எலுமிச்சை மரம் வைத்த ஒரு சின்ன வீடு. மனைவி லூயெல்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். குழந்தைகள் இல்லை.

ஹார்ன்களுக்கு நேர் பின்னால் டிரம்பெட் வரிசை. அவர்கள் வாய் சும்மா இருக்காது.

"ஏய் ஸ்டெப்னி, காத்து இருக்கா பாத்துக்கோ. முன் சக்கரம் இன்னிக்குப் பஞ்சராகுற மாதிரி இருக்கு."

"என் காத்தெல்லாம் உங்க அபஸ்வரத்தை மறைக்கிறதுலயே போயிடுதுடா," என்பார் ஆர்வில், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. புதுப் படம் வரும்போதெல்லாம் லூயெல்லாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவார். இசை எழும்பும்போது லூயெல்லா அவர் காதில், "இதுல நீ எது, ஆர்வி?" என்று கேட்பார். "சத்தமா வர்றதெல்லாம் நான்தான்" என்று இவர் சொல்வார். "சத்தமா வர்றதுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று அவர் சலித்துக்கொள்வார். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவை, அவள் என் ஹார்னை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்று ஆர்வில் என்னிடம் சொல்லியிருக்கிறார். முதல் நாற்காலிக்கு அவர் ஆசைப்பட்டதில்லை. அவர் கேட்டது ஒரு சின்ன இடம்தான்.

இருபது வருடம் டிரம்பெட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் காது என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் வலது காது போனது. பிறகு இடதும் மங்கியது. ஒருநாள் வண்டி நிறுத்துமிடத்தில் நான் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது.

"எம்மெட், வெளிய சொல்லிடாதே. சொன்னா என் வீட்டு ஃபோன் செத்துடும்."

எங்களில் யாருக்கும் நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ஆள் சேர்ப்பவர் ஃபோன் செய்து அழைக்க வேண்டும். அழைக்காமல் விட்டால் ஏன் என்று கேட்க இடமில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் எப்படிச் சமாளித்தார் என்றால், வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரு காதில் ஹெட்போன் போட்டிருப்பார்கள் இல்லையா, அதில் படத்தின் வேகத்துக்கு ஏற்ற டிக் டிக் தாளமும், அதோடு மற்றவர்கள் வாசிப்பதும் வந்துகொண்டிருக்கும். நாற்காலிக்கு நாற்காலி சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஆர்வில் பெட்டியின் திருகை முழுதாகத் திருப்பி வைத்திருப்பார். மற்றதைக் கண்ணால் பிடித்துக்கொள்வார். மூச்சு இழுக்கும் தோள்கள், வயலின்களின் வில் போகும் திசை, இசையமைப்பாளரின் இடது கை. சத்தமான இடங்களில் இது போதும்.

1983 அக்டோபர் கடைசி வாரம் ஓர் ஓட்டப்பந்தயப் படம் வந்தது. இசை மில்டன் ஸாரோவ், அவரே கையசைத்து நடத்தினார். திரை எங்களுக்குப் பின்னால் இருக்கும், அவர் மட்டுமே படத்தைப் பார்ப்பார். கதை என்ன, யார் ஓடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. முதல் இரண்டு நாளும் ஒரே ஆர்ப்பாட்டம். பயிற்சி, மழையில் ஓட்டம், தகுதிச் சுற்று. ஆர்வில் ஊதித் தள்ளினார். முதல் ஹார்ன் கிளிஃப்டன் மேபரி பெரும்பாலும் மடியில் வாத்தியத்தோடு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் கடைசிக் காட்சிக்கான இசை. அதுவரை வந்த ஆரவாரமெல்லாம் அடங்கி, வயலின்கள் ஒரே சுரத்தை மூச்சு விடுவதுபோல் பிடித்திருக்கும். அதன்மேல் ஹார்ன் ஒன்றே ஒன்று தனியாக ஏறும். படம் முழுக்க ஓடி ஓடி வந்த மெட்டு அங்கே நடக்கத் தொடங்கும். ஸாரோவ் அந்தப் படத்துக்கு எழுதியதில் நல்லது அதுதான்.

பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற ஹாலோவீன் பண்டிகை வாரம். காபி மேசையில் யாரோ ஒரு கிண்ணம் நிறைய ஜவ்வு மிட்டாய் வைத்திருந்தார்கள். இடைவேளையில் கிளிஃப்டன் ஒன்றைக் கடித்தார். முன்பல்லுக்குப் போட்டிருந்த செயற்கை மூடி மிட்டாயோடு வந்துவிட்டது.

வாத்தியத்தை எடுத்து ஊதிப் பார்த்தார். "ஆர்வில், பாரு... ஃப்பூன்னு வெறும் காத்துதான் வருது. நீயே வாசிச்சிடு."

பின்னாலிருந்து ஒரு டிரம்பெட் குரல்: "நான்தான் சொன்னேனே பஞ்சராகும்னு!"

ஸாரோவ் மேடையிலிருந்து குனிந்து கேட்டார். "ஆர்வில், வாசிக்கிறீங்களா?"

"வாசிக்கிறேன்."

இடைவேளை முடிய இன்னும் நேரம் இருந்தது. ஆர்வில் தாழ்வாரத்தில் இருந்த பொது ஃபோனுக்குப் போனார். காது மங்கியவர்கள் பேசுவதுபோல் சத்தமாகத்தான் பேசுவார். கூடத்துக்குள் பாதிப் பேருக்குக் கேட்டது.

"லூ, நான்தான். இல்ல இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. கேளு. இன்னிக்கு நான் வாசிக்கப்போறேன். தனியா. கடைசி சீனுக்கு. ஆமா, நான் மட்டும்தான், வேற யாரும் இல்ல... அட, எதுக்கு அழற இப்ப? அழாதடி. அடுப்புல என்னமோ வெச்சிருக்கேன்னியே, போய்ப் பாரு."

உள்ளே வந்தபோது டிரம்பெட்காரர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் டேக். வயலின்கள் சுரத்தைப் பிடித்தன. ஆர்வில் எடுத்தார்.

இசையை வார்த்தையில் சொல்லத் தெரியாதவன் நான். இவ்வளவு சொல்கிறேன்: சத்தத்தையே ஊதி ஊதி வாழ்ந்த மனிதர், அவ்வளவு மெதுவாக ஊதுவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. கிளிஃப்டன் வாசித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். இதில் அழகை யாரும் தேடவில்லை. களைத்துப்போன ஓர் ஆள் கடைசித் தெருமுனை திரும்பித் தன் வீட்டு விளக்கைப் பார்ப்பதுபோல் இருந்தது. கிளிஃப்டன் கைக்குட்டையை வாயில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்தது. விளக்கு அணைந்தது. நாங்கள் கைதட்டுவதில்லை, கையில் வாத்தியம் இருக்கும். கூட்டத்தில் ஒருவர் நன்றாக வாசித்தால் மற்றவர்கள் உட்கார்ந்தபடியே ஷூவைத் தரையில் தேய்ப்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அன்று கூடம் முழுவதும் தேய்த்தது. கடைசி வரிசை டபுள் பேஸ் வரைக்கும். ஆர்வில் தலை குனிந்து, ஹெட்போனைக் கழற்றாமல், ஹார்னின் குழாயை உருவி உள்ளே சேர்ந்த எச்சில் நீரைத் தரையில் உதறிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒலிப்பதிவு அறையிலிருந்து ஒலிப்பதிவாளர் டச் ஹென்லியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"மில்ட், ஒரு நிமிஷம். டேப்புல டிக் டிக்னு கேக்குது. யாரோட ஹெட்போனோ கசியுது."

ஆர்ப்பாட்டமான இசையில் ஹெட்போன் கசிந்தால் தெரியாது. இந்த இடத்தில் ஈ பறந்தால்கூடத் தெரியும். டச் இறங்கி வந்தார். ஒவ்வொரு நாற்காலியாக நின்று குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். வயலின்களைக் கடந்தார், குழல்களைக் கடந்தார். ஹார்ன் வரிசைக்கு வருவதற்கு முன்பே நின்றுவிட்டார். அங்கிருந்தே அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஆர்வில், என்னய்யா இது, ரயிலே ஓடுது உள்ள? யாரு இதை இவ்வளவு திருப்பி வெச்சது?"

"கை பட்டிருக்கும்," என்றார் ஆர்வில்.

டச் திருகைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டுப் போனார். அந்த டேக் போனதுதான். மைக்கில் ஹார்னோடு சேர்ந்து பதிந்த டிக் டிக்கை அந்தக் காலத்தில் பிரித்தெடுக்க வழி இல்லை.

இரண்டாம் டேக்கில் ஆர்வில் தாமதமாக நுழைந்தார். ஸாரோவ் நிறுத்தினார். "பரவாயில்ல. ஹெட்போன் வேண்டாம், கழட்டிடுங்க. என் கையை மட்டும் பாருங்க."

மூன்றாம் டேக்கில் நேரம் சரியாக இருந்தது. கையைப் பார்த்து வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஹெட்போன் இல்லாமல், வயலின்கள் பிடித்திருந்த அந்த மெல்லிய சுரம் அவர் காதில் விழவில்லை. ஹார்னில் சுரம் நிற்பது காதை நம்பித்தான். அவருடைய சுரம் அவர்களுடையதைவிட ஒரு மயிரிழை மேலே போய் நின்றது. கடைசி வரை அங்கேயே நின்றது. முடிந்ததும் ஒரு ஷூவும் தேயவில்லை. முதல் வரிசை வயலின்காரர்கள் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இசைக்கலைஞர் சங்க விதிப்படி நேரம் முடிய இன்னும் ஒரு டேக்குக்குத்தான் இடம் இருந்தது. ஸாரோவ் நல்ல மனிதர். "இன்னொரு தடவை போகலாமா, ஆர்வில்?" என்று கேட்டார்.

ஆர்வில் தன் ஸ்டாண்டிலிருந்த தாளை எடுத்து, மறுபக்கம் உட்கார்ந்திருந்த இரண்டாம் ஹார்ன் நொரீன் ஸ்ட்ராக்கின் ஸ்டாண்டில் வைத்தார். நொரீனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

"உன் உதடு எப்படி இருக்கு?"

"வேணாம் ஆர்வில். நீங்களே இன்னொரு தடவை பண்ணுங்க. ப்ளீஸ்."

"பண்ணினா இதேதான் வரும். ஊதும்மா, நேரம் ஆகுது."

நொரீன் ஒரே டேக்கில் வாசித்தாள். சுத்தமாக இருந்தது. விளக்கு அணைந்ததும் முதலில் தேய்ந்த ஷூ ஆர்விலுடையது. பழுப்பு நிறம், தடித்த அடிப்பாகம். அவர் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் தேய்த்தார்கள்.

யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு அவருக்கு அழைப்பு வந்தது. அதற்கடுத்த படத்துக்கு வரவில்லை. வசந்தம் வந்தபோது வான் நைஸ் வீட்டு ஃபோன் செத்துவிட்டது.

அந்த வசந்தத்தில்தான் ஓட்டப்பந்தயப் படமும் வெளியாகி நன்றாக ஓடியது. லூயெல்லா முதல் வாரமே அவரை இழுத்துக்கொண்டு போனார். கதை என்ன என்று ஆர்விலுக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் என் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அந்தப் பையன் வேகம் பிடிச்சுக் குடுக்கிறவனாம், எம்மெட். மூணு சுத்து முன்னாடி ஓடி, பின்னாடி வர்ற பெரிய ஆளுக்குக் காத்தைத் தடுத்துக் குடுத்துட்டு ஓரமா ஒதுங்கிடணும். அதுக்குத்தான் அவனைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. கடைசிப் பந்தயத்துல அவன் ஒதுங்கல."

"அப்புறம்?"

"ஜெயிச்சுட்டான். படமாச்சே."

கொஞ்ச நேரம் என் வீட்டு நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் கோட்டைத் தாண்டி மண்டி போடுறான். சத்தமெல்லாம் நின்னுடுது. அப்ப வருது ஹார்ன். லூ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இதுதானே நீ?'ங்கிறா. அழுதுட்டே கேக்குறா. நான் தலையாட்டிட்டேன்."

அன்று ஃபோனில் சொன்னதற்குப் பிறகு வீட்டில் என்ன சொன்னார் என்று கேட்டேன். வாசித்தேன், நன்றாக வந்தது என்று மட்டும் சொன்னாராம். அதில் பொய் இல்லை. அந்தக் காலத்தில் வாசித்தவர்கள் பெயர் திரையில் வராது, இசையமைப்பாளர் பெயரோடு சரி. ஆகவே லூயெல்லாவுக்குத் தெரிய வழியும் இல்லை. அவர் தேவாலயத்தில் சொன்னார், சமையலறையில் சொன்னார், நெப்ராஸ்காவில் இருந்த நாத்தனாருக்குத் தொலைதூர ஃபோன் போட்டுச் சொன்னார். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் அந்த மெட்டைப் போடத் தொடங்கியிருந்தார்கள். லூயெல்லா வேலை பார்த்த பள்ளியிலும் போட்டார்கள். பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் நின்று, "மிசஸ் டெஸ்மர், உங்க வீட்டுக்காரர் பாட்டு!" என்று கத்துவார்களாம்.

எங்கள் நாட்டில் தொழிலாளர் தினம் செப்டம்பரில்தான். அன்று எங்கள் சங்கத்தின் பிக்னிக் கிரிஃபித் பூங்காவில் நடந்தது. ஆர்வில் வந்ததும் என்னை ஓரமாக இழுத்தார்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போறப்ப அவகிட்டச் சொல்லிடப்போறேன். நொரீன் வந்திருக்கா. யார் வாய்லேருந்தாவது வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்."

"சொல்லிடு," என்றேன்.

ஆனால் லூயெல்லா முந்திக்கொண்டார். ஆர்வில் அடுப்பில் சாஸேஜ் புரட்டிக்கொண்டிருந்தபோது, லூயெல்லா உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு நேராக நொரீனிடம் போனார். நான் பக்கத்து மேசையில் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தேன்.

"நொரீன், நீ பக்கத்துலயேதானே உக்காந்திருந்தே? அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லேன். இந்த மனுஷன்கிட்டக் கேட்டா 'நல்லா வந்துச்சு'ங்கிறாரு, அதோட சரி. மாட்டுக்குக் கூடக் கொஞ்சம் அதிகமா பேச வரும்."

நொரீன் அடுப்புப் பக்கம் பார்த்தாள். ஆர்வில் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது.

"லூயெல்லா," என்றாள் நொரீன், "அவர் வாசிச்ச மாதிரி நான் எங்கேயும் கேட்டதில்ல. அந்த ஹால்ல எல்லாருக்கும் மூச்சே நின்னுடுச்சு. இப்ப நினைச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது. படத்துல நீங்க கேக்குறதைவிட நல்லா இருந்துச்சு."

"அது இந்தத் தியேட்டர்காரங்க ஸ்பீக்கர் அப்படி!" என்றார் லூயெல்லா. சாலட் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நொரீனின் கன்னத்தில் முத்தமிட்டார்.

அடுப்பில் சாஸேஜ் கருகிப்போயிருந்தது.

கிளம்புகிற நேரம் ஆர்வில் வண்டிகளுக்கு நடுவே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நொரீன் என்ன சொன்னா? சொல்லிட்டாளா?"

நொரீன் சொன்னதை வார்த்தை மாறாமல், அவர் இடது காதுப் பக்கம் நின்று, சத்தமாகச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்:

"முதல் டேக்குக்கு... காலைத் தேய்ச்சாங்களா, எம்மெட்?"

"தேய்ச்சாங்க. எல்லாருமே."

"எனக்குக் கேக்கல."

"ஹெட்போன் போட்டிருந்தே. குனிஞ்சிருந்தே."

"எப்படித் தேய்ச்சாங்க? சும்மா ஒப்புக்கா?"

அங்கே தரை சரளைக்கல். நான் இரண்டு காலையும் அழுத்தி, முன்னும் பின்னும், தூசி எழும்பத் தேய்த்துக் காட்டினேன். ஆர்வில் இடது காதைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு காதை விட்டுவிட்டு என் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கிழவனும் அங்க என்ன டான்ஸ் ஆடுறீங்க?" என்று வண்டியிலிருந்து லூயெல்லா கூப்பிட்டார். "ஆர்வி, வா, மயோனைஸ் கெட்டுப்போயிடும்!"

அவர் அன்று சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. ஏழு வருடம் கழித்து லூயெல்லா இறந்தபோது, தேவாலயத்தில் கொடுத்த இரங்கல் தாளில் அந்தப் படத்தின் ஹார்ன் கலைஞருடைய மனைவி என்று போட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆர்வில் என்னிடம் சொன்னார்: "நடந்ததை நடந்தபடியே சொல்லியிருந்தா போதும், எம்மெட். முதல் டேக் என்னுது, அதுக்கு எல்லாரும் தேய்ச்சாங்கன்னு. அது அவளுக்குப் போதும். நான் அதை எங்கிட்டயே வெச்சுக்கிட்டு, இன்னொருத்தி ஊதினதை அவளுக்குக் குடுத்துட்டேன்."

எனக்கு என்னவோ அவர்கள் பிக்னிக்கிலிருந்து கிளம்பிப்போனதுதான் மறக்கவில்லை. பின்னால் வரும் வண்டிச் சத்தம் ஆர்விலுக்குக் கேட்காததால் அந்த வருடம் முதல் லூயெல்லாதான் ஓட்டினார். வண்டி நகரும்போதே கேசட்டைத் தள்ளினார். ஜன்னல் வழியாக அந்த மெட்டு வந்தது, வயலின்கள், அதன்மேல் நொரீனின் ஹார்ன். புல்வெளியில் மேசை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்வில் பக்கத்து இருக்கையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அதிர்ந்தது. அவருக்குக் கேட்க வேண்டும் என்று லூயெல்லா திருகை முழுதாகத் திருப்பி வைத்திருந்தார்.